செயற்கை நுண்ணறிவுப் பட உருவாக்கத்தில் பகுதிவாரிக் கட்டுப்பாடு

செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு படம் உருவாக்கும்போது, படத்தின் எந்த இடத்தில் எது வர வேண்டும், அது எந்த நிறத்திலும் வடிவிலும் அமைய வேண்டும் என்பதை இடம் பிரித்து வரையறுக்கும் முறைகள் பகுதிவாரிக் கட்டுப்பாடு எனப்படுகின்றன. ப்ராம்ப்ட் எனப்படும் தூண்டுரையைத் தட்டச்சு செய்தால் படம் கிடைக்கும் வசதி 2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்களிடம் பரவியது. அந்த ஆண்டில் டால்-இ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வெளிவந்தன. தூண்டுரை மட்டும் இருந்தால் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லலாம். எங்கே இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வது கடினம். அந்தக் குறையைப் போக்கவே பகுதிவாரிக் கட்டுப்பாட்டு முறைகள் உருவாயின.

எளிய எடுத்துக்காட்டு

ஒரு மாணவர் தம் ஊர்க் காட்சி ஒன்றைப் படமாக்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் எழுதும் தூண்டுரை இது: "இடப்பக்கம் சாம்பல் நிறக் காங்கேயம் காளை, வலப்பக்கம் சிவப்புக் கரை வைத்த பச்சைச் சேலை உடுத்திய பெண், நடுவில் தென்னந்தோப்பு, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை."

படிப்பவருக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் மென்பொருள் தரும் படத்தில் பின்வரும் பிழைகள் வரக்கூடும்.

1. சேலையின் பச்சை நிறம் காளையின் முதுகுத் துணியிலோ கொம்பிலோ ஏறிவிடும்.
2. சேலை முழுவதும் சிவப்பாகி, கரை பச்சையாகிவிடும்.
3. பெண் இடப்பக்கமும் காளை வலப்பக்கமும் இடம் மாறி நிற்கும்.
4. ஒரு காளைக்கு இரண்டு காளைகள் வரும், அல்லது காளையே வராது.

முதல் இரண்டு பிழைகளும் பண்புக் கசிவு எனப்படும். ஒரு பொருளுக்கு உரிய நிறமோ பண்போ பக்கத்துப் பொருளுக்குக் கசிந்துவிடுவதால் இப்பெயர். மூன்றாவது இடப்பிழை. நான்காவது எண்ணிக்கைப் பிழை அல்லது விடுபாடு. இந்த நான்கையும் குறைப்பதே பகுதிவாரிக் கட்டுப்பாட்டின் நோக்கம்.

நெசவிலும் அச்சிலும் இதே சிக்கல்

ஒரு நிறம் தன் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது புதிய சிக்கல் அன்று. கொங்கு நாட்டின் துணித்தொழில் இதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது.

திருப்பூரின் பனியன் தொழிலில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறை பரவலாக உள்ளது. நான்கு நிறம் கொண்ட படத்தைச் சட்டையில் அச்சிட வேண்டுமானால், பொதுவாக நிறத்துக்கு ஒன்றாக நான்கு திரைகள் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு திரையிலும் அந்த நிறம் விழ வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். மை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் திறந்த இடத்தில் மட்டும் மை இறங்கும். திரை சற்று விலகினாலும் ஒரு நிறம் மற்றொன்றின்மேல் ஏறிவிடும். கணினியில் மாஸ்க் எனப்படும் மறைப்பு செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடாக்களை ஓட்டி, சேரும் இடத்தில் ஊடை இழைகளைக் கோத்து நெய்கிறார்கள். இது கோர்வை எனப்படும். கோர்வை சரியாக அமையாவிட்டால் கரை பிரிந்துவிடும். படத்தின் இரு பகுதிகள் சேரும் விளிம்பிலும் இதே கவனம் தேவைப்படுகிறது.

1804இல் பிரான்சு நாட்டின் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதை வரிசைக்கு வரிசை தீர்மானித்தன. கோவை மாவட்டம் சிறுமுகை உள்ளிட்ட ஊர்களின் பட்டு நெசவில் இன்றும் ஜக்கார்டு பயன்படுகிறது. ஒரு வடிவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆணை கொடுப்பது என்ற எண்ணம் கணினிக்கு முன்பே தறியில் இருந்தது.

படம் உருவாகும் முறை

பகுதிவாரிக் கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள, படம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சுருக்கமாக அறிய வேண்டும். இப்போது பரவலாக உள்ள மென்பொருள்களில் பல, விரவல் மாதிரி என்னும் முறையைச் சார்ந்தவை. இதன் அடிப்படைக் கருத்து 2015இல் வெளியானது. 2020இல் ஹோ, ஜெயின், அபீல் ஆகியோர் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதை நடைமுறைக்கு ஏற்றதாக்கியது.

பயிற்சியின்போது ஒரு நல்ல படத்தின்மேல் சிறிது சிறிதாக இரைச்சல் சேர்க்கப்படுகிறது. சமிக்ஞை கிடைக்காத பழைய தொலைக்காட்சியில் தெரியும் புள்ளிமழை போன்றது இந்த இரைச்சல். சேர்க்கப்பட்ட இரைச்சல் எது என்று கண்டுபிடிக்க நரம்பியல் வலையமைப்பு ஒன்று பழக்கப்படுத்தப்படுகிறது. படம் உருவாக்கும்போது இது தலைகீழாக நடக்கிறது. முழுக்க இரைச்சலாக உள்ள பரப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சிறிது இரைச்சலை நீக்கி, பல படிகளுக்குப் பின் தெளிவான படம் பெறப்படுகிறது.

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் இந்த வேலையை நேரடியாகப் படப்புள்ளிகளில் செய்வதில்லை. உள்ளுறை வெளி என்னும் சுருக்கிய வடிவில் செய்கிறது. கணக்கு வருமாறு:

முழுப் படம்: 512 × 512 புள்ளிகள், புள்ளிக்கு 3 நிற எண்கள். மொத்தம் 7,86,432 எண்கள்.
சுருக்கிய வடிவம்: 64 × 64 கட்டங்கள், கட்டத்துக்கு 4 எண்கள். மொத்தம் 16,384 எண்கள்.

அதாவது 48 மடங்கு சுருக்கம். சுருக்கிய வடிவின் ஒரு கட்டம், முழுப் படத்தில் 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரத்தைக் குறிக்கிறது. இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

படிகளின் வரிசையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தொடக்கப் படிகளில் பெரிய அமைப்பு முடிவாகிறது: மலை எங்கே, காளை எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பன. இறுதிப் படிகளில் முடி, இலை, துணியின் மடிப்பு போன்ற நுணுக்கங்கள் வருகின்றன. ஆகவே இடத்தை மாற்ற விரும்பினால் தொடக்கப் படிகளிலேயே கட்டுப்படுத்த வேண்டும். காளை ஓரிடத்தில் உருவான பின் இறுதிப் படியில் அதை நகர்த்த இயலாது.

சொல் எவ்வாறு இடம் பிடிக்கிறது

தூண்டுரையின் சொற்கள் முதலில் டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக்கப்பட்டு, எண்களாக மாற்றப்படுகின்றன. பின்பு படத்தின் ஒவ்வொரு கட்டமும் தூண்டுரையின் எல்லாத் துண்டுகளையும் பார்த்து, எதற்கு எவ்வளவு கவனம் கொடுப்பது என்று கணக்கிடுகிறது. இது குறுக்குக் கவனம் எனப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். காளை உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு கட்டம், தன் கவனத்தைக் "காளை" என்ற சொல்லுக்கு 0.5, "பச்சை" என்ற சொல்லுக்கு 0.3, "மலை" என்ற சொல்லுக்கு 0.2 என்று பிரிக்கிறது என்க. மொத்தம் 1. காளைக் கட்டத்துக்குப் பச்சையோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் 0.3 பங்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கசிவு நடப்பது இங்கேதான்.

"பச்சை" என்பது "சேலை"க்கு அடைமொழி என்று இலக்கணம் படித்தவருக்குத் தெரியும். கவனக் கணக்கு அந்த உறவை ஓரளவே பிடிக்கிறது. தூண்டுரையில் பொருள்களும் அடைமொழிகளும் பெருகப் பெருக, எது எதற்குரியது என்ற பிணைப்பு தளர்கிறது.

காளைக்கு உரிய இடத்தில் "பச்சை", "சேலை" ஆகிய சொற்களின் கவனத்தை மூடிவிட்டால் என்ன ஆகும்? மீதமுள்ள 0.5, 0.2 ஆகிய இரண்டும் மீண்டும் 1 ஆகும்படி பங்கிடப்படும். "காளை"க்கு ஏறத்தாழ 0.71, "மலை"க்கு 0.29 கிடைக்கும். பச்சை அங்கே நுழைய வழியில்லை. பகுதிவாரிக் கட்டுப்பாட்டின் ஒரு முக்கிய முறை இதுவே.

முக்கிய முறைகள்

அ. பகுதிக்கு ஒரு தூண்டுரை

படப்பரப்பை இரண்டு அல்லது மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தூண்டுரை தரப்படுகிறது. இதை இரு வகையில் செயல்படுத்தலாம். முதல் வகையில், மேலே கண்டவாறு கவனம் மறைக்கப்படுகிறது. இரண்டாம் வகையில், ஒவ்வொரு தூண்டுரைக்கும் இரைச்சல் நீக்கக் கணக்கு தனித்தனியாகச் செய்யப்பட்டு, விடைகள் மறைப்பின்படி ஒட்டப்படுகின்றன. 2023 தொடக்கத்தில் வெளியான மல்டிடிஃப்யூஷன் ஆய்வு இரண்டாம் வகையைச் சார்ந்தது. மூன்று பகுதிகள் என்றால் இதில் கணக்கும் ஏறத்தாழ மூன்று மடங்காகும். நேரமும் அதற்கேற்பக் கூடும்.

ஆ. பெட்டி வரைந்து இடம் குறித்தல்

பயனர் ஒரு பெட்டி வரைந்து அதன்மேல் "காளை" என்று எழுதுகிறார். மென்பொருள் அந்தப் பெட்டிக்குள் காளையை வைக்க முயல்கிறது. 2023இல் வெளியான கிளிஜென் என்ற ஆய்வு இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. பெட்டியின் வடிவம் பொருளின் வடிவத்தோடு பொருந்தாவிட்டால் படம் நசுங்கியதுபோல் தோன்றும். தென்னை மரத்துக்கு உயரமான குறுகிய பெட்டியும், நிற்கும் காளைக்கு அகலமான பெட்டியும் தருவது நல்லது.

இ. நிறம் பூசி இடம் குறித்தல்

குழந்தைகள் வண்ணம் தீட்டுவதுபோல, மேலே ஒரு நிறம் பூசினால் வானம், நடுவே ஒரு நிறம் பூசினால் மலை, கீழே ஒரு நிறம் பூசினால் புல்வெளி என்று நிறத்துக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்ளும் முறை இது. 2019இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட காகேன் இவ்வகையில் பலரும் அறிந்த தொடக்கம். அது விரவல் மாதிரிகளுக்கு முந்தைய தொழில்நுட்பத்தில் இயங்கியது. 2022இல் அதே நிறுவனத்தின் இ-டிஃப்-ஐ ஆய்வு, தூண்டுரையில் உள்ள ஒரு சொல்லைத் தேர்ந்து, அச்சொல் வரவேண்டிய இடத்தைத் தூரிகையால் பூசும் வசதியைக் காட்டியது.

ஈ. கோட்டோவியமும் உடல்நிலையும்

லுவ்மின் ஜாங், அன்யி ராவ், மனீஷ் அக்ரவாலா ஆகியோர் 2023இல் வெளியிட்ட கன்ட்ரோல்நெட் இத்துறையில் பெரிய திருப்பம். அந்த ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டுக் கணினிப் பார்வை மாநாட்டில் இதற்கு மார் பரிசு கிடைத்தது. பயனர் கையால் வரைந்த கோட்டோவியம், ஒரு காட்சியின் ஆழ வரைபடம், மனித உடலின் மூட்டுப்புள்ளிகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை வழிகாட்டியாகக் கொடுக்கலாம். படம் அந்தக் கோட்டைப் பின்பற்றி உருவாகும். மூல மாதிரியை மாற்றாமல், அதன் ஒரு நகலைப் பழக்கி, அதன் வெளியீட்டை மூல மாதிரியோடு சேர்ப்பது இதன் நுட்பம். வரையத் தெரிந்தவருக்கு மிகவும் பயன்படும் முறை இது. அமைப்பு அவருடைய கையிலிருந்தே வருகிறது.

உ. ஒரு பகுதியை மட்டும் திருத்துதல்

இன்பெயின்டிங் எனப்படும் இம்முறையில், முடிந்த படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைப்பால் குறித்து, அங்கே மட்டும் புதிதாக உருவாக்கலாம். மறைப்புக்கு வெளியே உள்ளது மாறாது. அடோப் நிறுவனம் 2023 மே மாதத்தில் ஃபோட்டோஷாப்பில் சேர்த்த வசதியும் இவ்வகைதான். பொருளின் விளிம்பைத் துல்லியமாகக் கையால் வெட்டுவது சலிப்பான வேலை. 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் என்ற மாதிரி, ஒரு சொடுக்கில் பொருளின் எல்லையைப் பிரித்துத் தந்து இவ்வேலையை எளிதாக்கியது.

அண்மைக் காலத்தில், "சேலையின் கரையை மட்டும் சிவப்பாக்கு" என்று பேச்சு நடையில் கேட்டாலே திருத்தித் தரும் மென்பொருள்களும் வந்துள்ளன. மறைப்பு வரையத் தேவையில்லை என்பது இவற்றின் வசதி. கேட்காத இடத்திலும் முகமோ பின்னணியோ சற்று மாறிவிடக்கூடும் என்பது குறை. எதுவும் மாறக்கூடாது என்ற உறுதி தேவைப்படும்போது மறைப்பு வரைவதே நம்பகமானது.

விளிம்பும் கயிறும்

பகுதிகளைப் பிரித்ததும் புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. மேற்கண்ட காட்சியில் அந்தப் பெண் காளையின் கயிற்றைப் பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு அவர் கையில் தொடங்கி, எல்லையைக் கடந்து, காளையின் மூக்கணாங்கயிற்றில் முடிய வேண்டும். வலப்பகுதியின் தூண்டுரைக்குக் காளை தெரியாது. இடப்பகுதியின் தூண்டுரைக்குப் பெண் தெரியாது. எனவே கயிறு எல்லைக்கோட்டில் அறுந்து நிற்கும். நிழலும் இப்படியே. ஒரு பகுதியில் வெயில் கிழக்கிலிருந்தும் மற்றதில் மேற்கிலிருந்தும் விழுந்தால், ஒட்டுப்போட்ட படம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதற்கு மூன்று தீர்வுகள் பழக்கத்தில் உள்ளன.

முதலாவது, பொதுத் தூண்டுரை. காலை வெயில், கிராமம், புகைப்பட நடை போன்ற பொதுச் செய்திகளை எல்லாப் பகுதிக்கும் சேர்த்துத் தருவது.

இரண்டாவது, விளிம்புக் கலப்பு. எல்லையின் இருபுறமும் சில கட்டங்களில் இரு விடைகளையும் விகிதப்படி கலப்பது. எல்லைக்குச் சற்று இடப்புறம் உள்ள ஒரு கட்டத்துக்கு இடப்பகுதி 0.8 என்றும் வலப்பகுதி 0.4 என்றும் விடை தருகின்றன என்க. கலப்பு விகிதம் 75க்கு 25 என்றால் முடிவு 0.75 × 0.8 + 0.25 × 0.4 = 0.7 ஆகும். எல்லையை நெருங்க நெருங்க விகிதம் 50க்கு 50 ஆகிறது.

மூன்றாவது, பாலப்பகுதி. கயிறு போகும் வழியை மட்டும் தனிப் பகுதியாகக் குறித்து, "பெண் கையில் பிடித்த காளைக் கயிறு" என்று இருவரையும் குறிப்பிடும் தூண்டுரையைத் தருவது.

எவ்வளவு சிறிய பகுதியைக் கட்டுப்படுத்தலாம்?

முன்பு கண்ட கட்டக் கணக்கு இங்கே பயன்படும். 512 புள்ளி அகலமுள்ள படத்தில் 40 புள்ளி அகலத்தில் ஒரு முகம் இருந்தால், சுருக்கிய வடிவில் அதற்கு 5 கட்டங்களே கிடைக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் 5 கட்டத்துக்குள் அடங்க வேண்டும். வலையமைப்பின் உள்ளே பரப்பு மேலும் சுருங்கி 16 × 16 கட்டம் ஆகும் நிலையும் உண்டு. அங்கே ஒரு கட்டம் 32 × 32 புள்ளிகளுக்குச் சமம். அதைவிடச் சிறிய பகுதிக்கு அந்த நிலையில் முழுதாக ஒரு கட்டம்கூடக் கிடைக்காது. கூட்டத்தில் தொலைவில் நிற்பவர்களின் முகங்கள் சிதைந்து தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கான வழி, முதலில் முழுப் படத்தை உருவாக்கி, பின்பு முகமுள்ள சிறு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, அதைப் பகுதித் திருத்தம் செய்து, மீண்டும் சுருக்கிப் பழைய இடத்தில் பொருத்துவது.

தமிழில் தூண்டுரை எழுதும்போது

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பு, தூண்டுரையைப் புரிந்துகொள்ளக் கிளிப் என்னும் மாதிரியைப் பயன்படுத்தியது. 2021இல் ஓப்பன் ஏஐ வெளியிட்ட இம்மாதிரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. ஒரு தூண்டுரைக்கு 77 டோக்கன் இடங்களே உண்டு. தொடக்கக் குறி, முடிவுக் குறி இரண்டும் போக 75.

கணினியில் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்படுகின்றன. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு பிடிக்கும். புள்ளியும் துணை எழுத்தும் தனிக் குறிகளாகவே கணக்காகும். "கோயம்புத்தூர்" என்ற சொல்லில் 13 குறிகள், 39 பைட்டுகள் உள்ளன. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 10 பைட்டுகள் போதும். மாதிரி பழகாத சொற்கள் பைட்டு அளவுக்கு உடையலாம். எதுவும் சேராமல் முழுமையாக உடைந்தால், இத்தகைய இரண்டு சொற்களே 78 இடங்களைக் கேட்கும், இருப்பதோ 75. பழைய மாதிரிகளில் தமிழ்த் தூண்டுரை பலன் தராததற்கு இந்த இடப் பற்றாக்குறையும், தமிழ்ப் பயிற்சி இல்லாமையும் காரணங்கள். பெரிய மொழி மாதிரிகளோடு இணைந்து வரும் புதிய மென்பொருள்கள் தமிழ்த் தூண்டுரையை மேலும் நன்றாக ஏற்கின்றன.

தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் கவனிக்க வேண்டியவை:

* இடம், வலம் என்பது பார்ப்பவரின் பக்கமா, படத்தில் உள்ளவரின் பக்கமா என்பதைத் தெளிவாக்க வேண்டும். "அவளது இடக்கை" நம்மை நோக்கி நிற்பவருக்குப் படத்தின் வலப்புறம் வரும்.
* ஒரு பகுதிக்கான தூண்டுரையில் அப்பகுதியில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும்.
* "சேலையில் பூ வேண்டாம்" என்று எழுதினால் "பூ" என்ற சொல்லே பூவை வரவழைத்துவிடலாம். வேண்டாததை எழுதத் தனி இடம் இருந்தால் அங்கே எழுதுவது நல்லது.
* படத்துக்குள் வரும் தமிழ் எழுத்துகளை மென்பொருளிடம் விடாமல் இருப்பது நல்லது. கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறி, எழுத்துப்போல் தோன்றும் கிறுக்கல் வரக்கூடும். "காந்திபுரம் – உக்கடம்" என்று பேருந்துப் பலகை வேண்டுமானால், பலகையின் இடத்தை வெறுமையாக விட்டு, படம் முடிந்தபின் ஒருங்குறி எழுத்துருவால் எழுதிச் சேர்க்கலாம்.

இடம் சரியாகலாம், பொருள் தவறாகலாம்

பகுதிவாரிக் கட்டுப்பாடு ஒரு பொருளை இடத்தில் நிறுத்தும். அந்தப் பொருளைப் பற்றிய அறிவைத் தராது.

காங்கேயம் காளையின் உடல் சாம்பல் நிறமும், தலை, கழுத்து, திமில், தொடைப் பகுதிகளில் கருமையும் கொண்டது. கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். மயிலை, செவலை, காரி என்று மாட்டின் நிறத்தைக் குறிக்கும் சொற்களைக் கொங்கு நாட்டு உழவர் எளிதில் சொல்வார். பயிற்சிப் படங்களில் இந்த இனம் அரிதாகவோ தவறான பெயரிலோ இருந்திருந்தால், பெட்டி எவ்வளவு துல்லியமாக வரையப்பட்டாலும் அதற்குள் வேறொரு மாடுதான் வந்து நிற்கும். சேலை கட்டும் விதம், ஓட்டு வீட்டின் கூரை, கோவில் கோபுரத்தின் அமைப்பு ஆகியவற்றிலும் இதுவே நிலை. பிற மாநில வடிவம் தமிழ்நாட்டு வடிவமாக வந்துவிடலாம்.

இதைச் சரிசெய்ய, உண்மையான புகைப்படத்தை மாதிரிப் படமாகத் தருவது ஒரு வழி. சில படங்களைக் கொண்டு மாதிரியைக் கூடுதலாகப் பழக்குவது மற்றொரு வழி. 2021இல் வெளியான லோரா என்னும் முறை இதைக் குறைந்த செலவில் செய்ய உதவுகிறது. எந்த வழியானாலும், வந்த படம் சரியா என்று சொல்ல அந்தப் பொருளை அறிந்த ஒருவர் வேண்டும். பாடநூலுக்கோ கண்காட்சிக்கோ இத்தகைய படத்தைப் பயன்படுத்துவோர், உழவர், நெசவாளர் போன்ற அத்துறையினரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம். தவறான படம் ஒருமுறை இணையத்தில் பரவினால், அடுத்த மாதிரிக்கு அதுவே பயிற்சிப் படமாகவும் ஆகக்கூடும்.

தவறான பயன்பாடு

முழுதும் கற்பனையான படத்தைவிட, உண்மைப் படத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் மாற்றப்பட்ட படத்தைக் கண்டறிவது கடினம். 512 × 512 படத்தில் 64 × 64 அளவுள்ள பகுதி மாற்றப்பட்டால், அது மொத்தப் பரப்பில் 64இல் ஒரு பங்கு மட்டுமே. மீதி 63 பங்கும் உண்மை. பார்ப்பவரின் நம்பிக்கையை அந்த 63 பங்கு பெற்றுத்தருகிறது. பொய் மீதி ஒரு பங்கில் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் இல்லாதவரை நிறுத்துவது, பெயர்ப்பலகையை மாற்றுவது, ஒருவரின் உடையை மாற்றுவது எல்லாம் இவ்வாறு நடக்கக்கூடியவை.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்ட மோசடியையும், 67ஆம் பிரிவு ஆபாசமானவற்றை மின்னணு வடிவில் வெளியிடுவதையும் குற்றமாக்குகின்றன. பகுதி மட்டும் மாற்றிய படத்தால் அக்குற்றங்கள் நடந்தாலும் இப்பிரிவுகள் பொருந்தும். ஒரு படம் எங்கே, எந்தக் கருவியில் உருவானது என்ற விவரத்தைப் படத்தோடு இணைக்க, 2021இல் சில நிறுவனங்கள் சேர்ந்து சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஆனால் படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்தாலோ, செயலி வழியே அனுப்பினாலோ அந்த விவரம் போய்விடலாம். ஐயத்துக்குரிய படத்தில் பகுதிகள் சேரும் விளிம்பு, நிழலின் திசை, எழுத்துகள், விரல்கள் ஆகியவற்றைப் பார்ப்பதும், அதே நிகழ்வின் வேறு படங்களைத் தேடி ஒப்பிடுவதும் பயன் தரும். விளிம்பில் குறை தெரியவில்லை என்பதால் மட்டும் படம் உண்மை என்று ஆகிவிடாது.

கணினி இல்லாமல் செய்து பார்க்க

இக்கருத்தை வகுப்பறையில் வரைபடத்தாள் கொண்டே விளக்கலாம்.

1. வரைபடத்தாளில் 16 × 16 கட்டங்கள் கொண்ட சதுரம் வரைக. ஒரு கட்டம் 32 × 32 படப்புள்ளிகளைக் குறிக்கும் என்று கொள்க.
2. இடப்புறம் காளைக்கும், வலப்புறம் பெண்ணுக்கும், மேலே மலைக்கும் இடம் குறிக்க. ஒவ்வொன்றும் எத்தனை கட்டம் என்று எண்ணுக.
3. மூன்று மாணவர்களிடம் தலா ஒரு பகுதியைக் கொடுத்து, மற்றவர் வரைவதைப் பார்க்காமல் வரையச் செய்க. இது பொதுத் தூண்டுரை இல்லாத நிலை.
4. மூன்றையும் ஒட்டிப் பார்க்க. கயிறு சேர்கிறதா, நிழல் ஒரே பக்கம் விழுகிறதா, அளவுகள் பொருந்துகின்றனவா என்று குறிக்க.
5. மீண்டும் ஒருமுறை, "காலை வெயில், சூரியன் வலப்புறம்" என்ற பொதுச் செய்தியை மூவருக்கும் சொல்லி, எல்லையில் இரண்டு கட்டங்களை இருவரும் சேர்ந்து வரையச் செய்க.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொதுத் தூண்டுரையும் விளிம்புக் கலப்பும் ஏன் தேவைப்படுகின்றன என்பது மாணவர்களுக்கு விளங்கும். பெண்ணின் முகத்துக்கு எத்தனை கட்டம் கிடைத்தது என்று எண்ணச் சொன்னால், சிறிய முகங்கள் ஏன் சிதைகின்றன என்பதும் அவர்களுக்கே புரியும்.